‘நான்’ சொல்லாத பெண்கள்

கரோல் கில்லிகனின் ‘இன் எ டிஃபரண்ட் வாய்ஸ்’ 1982இல் வெளியானது. அறவளர்ச்சியின் ஆறு படிநிலைகளை வகுத்த லாரன்ஸ் கோல்பெர்க், தொடக்கத்தில் ஆய்வு செய்தது சிறுவர்களை மட்டுமே. அந்த அளவுகோலில் பெண்கள் குறைந்து தெரிவது பெண்களின் குறையா, அளவுகோலின் குறையா என்று கில்லிகன் கேட்டார்.

நோயில் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா? பதினொரு வயது ஜேக், திருடலாம் என்றான். அதே வயது ஏமி, திருடவும் கூடாது, அவள் சாகவும் கூடாது, பேசி வழி காண வேண்டும் என்றாள். நேர்காண்பவர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஏமியின் உறுதி குலைகிறது. கோளாறு அவள் பதிலில் இல்லை, கேட்ட காதில்தான்.

பின்னர் கில்லிகனும் அவரது சகாக்களும் ‘செவிமடுத்தல் வழிகாட்டி’ என்ற முறையை உருவாக்கினர். ஒரே நேர்காணலைப் பலமுறை வாசிக்க வேண்டும். அதில் ஒரு வாசிப்பு ‘நான்’ வரும் தொடர்களை மட்டும் பிரித்து, கவிதைபோல அடுக்குவது.

பீடி சுற்றும் ஓர் அக்காவின் பேச்சில் இதைச் செய்ய உட்கார்ந்தேன். “கல்யாணம் ஆச்சு. இங்க வந்தாச்சு. பிள்ளை ரெண்டு ஆச்சு. அடி உண்டு. பொறுத்துக்கிட வேண்டியதுதான்.” ஒரு ‘நான்’கூட இல்லை. “அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?” என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன். “தோண என்ன இருக்கு?” என்றார். ஏமியிடம் கேட்டவரைத் திட்டிய நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

ஆய்வேட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்தபோது எல்லா வரியிலும் ‘ஐ’ முளைத்தது. அவர் சொல்லாத ‘நான்’களை நானே நட்டுவிட்டு, வலுவான தன்குரல் என்று குறிப்பும் எழுதினேன்.

பல மாதம் கழித்து ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். நடுவில் ஓரிடத்தில், குரல் தாழ்த்தி: “ஒருநா அவரு கையப் புடிச்சு நிறுத்திட்டேன், பாத்துக்கம்மா.” அவர் தன் மணவாழ்க்கையைச் சொன்ன அத்தனை நேரத்திலும் வந்த ஒரே ‘ஏன்’ விகுதி அது. என் பெயர்ப்பில் அது இருபதோடு இருபத்தொன்றாகக் கரைந்துபோயிருந்தது.

‘ஆச்சு’ என்று பேசுவதாலேயே ஒருத்திக்குத் தன்னிலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்களும் அப்படிப் பேசுவதுண்டு. ஆனால் எந்த இடத்தில் ‘ஆச்சு’ விலகி ‘ஏன்’ வருகிறது என்பது கேட்கப்பட வேண்டியது. எழுவாயைச் சொல்லியே தீரவேண்டிய ஆங்கிலத்தின் பழக்கத்தில் பிறந்த முறை, அதை விகுதிக்குள் ஒளித்துவைக்கும் மொழிக்கு அப்படியே பொருந்தாது. மொழிபெயர்ப்பதற்கு முன்பே, தமிழிலேயே வினைமுற்றுகளைக் குறித்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

கில்லிகனை நிராகரிக்க இதைச் சொல்லவில்லை. அளவுகோலைச் சந்தேகி என்று கற்றுத்தந்தவர் அவர். அவர் தந்த அளவுகோலையும் அப்படிச் சந்தேகிப்பதுதான் அந்தப் பாடத்துக்கு நேர்மையாக இருப்பது.