கன்வெர்ட்டரை மாற்றுமுன்: ஒரு ஸ்கேனர் அநுபவம்

சில மாதங்களாக என் பழைய பெட்ரோல் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே குடியிருக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனரின் விலை, வடிவம், கைபேசியோடு இணையும் விதம் முதலியவற்றை வாசகர்கள் அறிவார்களாதலால், அவற்றை விவரிக்கப் புகவில்லை. தீப்பெட்டியளவேயான இந்த உபகரணத்தின் மேன்மையெல்லாம், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் அமைந்த இரண்டு ஆக்சிஜன் சென்சர்களின் வோல்டேஜை, எஞ்சின் ஓடுகையிலேயே இரண்டு கோடுகளாக வரைந்து காட்டுவதில் அடங்கியிருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, பி0420 என்ற பிழை எண் வந்தவுடனேயே, "கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்று தீர்ப்பளிப்பது பல ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாகிவிட்டது. கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கலாம் என்று காரின் கம்ப்யூட்டர் அநுமானிக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. புகைக்குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும், பின் சென்சரே பழுதாகியிருந்தாலும் அதே எண் தோன்றக்கூடும். ஆகவே கசிவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, 2500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க, ஆரோக்கியமான கன்வெர்ட்டர் ஆக்சிஜனைத் தன்னுள் சேமித்துச் சேமித்துக் கொடுப்பதால், பின் சென்சரின் கோடு 0.6, 0.7 வோல்ட்டருகே அநேகமாக அசையாது நிற்கும். என் காரிலோ பின் கோடு, முன் கோட்டின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தையும் அப்படியே பின்பற்றிற்று. சந்தேகத்துக்கு இடமில்லாத பிரத்தியட்சப் பிரமாணம் அது. ஒரு ஜாக்கிரதை மட்டும் வேண்டும்: மலிவான ஸ்கேனர்கள் மந்தமானவையாதலால், வேறு பல அளவுகளையும் ஒருங்கே திறந்து வைத்தால், துடிக்கும் கோடும் நிதானமானதுபோல் தோற்றமளித்து ஏமாற்றிவிடும்.

கன்வெர்ட்டர் காரணமின்றிச் சாவதில்லை. ஈயம் அதற்கு நஞ்சென்பதாலேயே, 1995இல் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. இன்றைய நஞ்சு, கசிந்து எரியும் எஞ்சின் ஆயிலும் எரியாத பெட்ரோலுமே. என் ஸ்கேனர் பி0302 என்ற எண்ணையும் காட்டியது. அதாவது, இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்; அங்கே எரியாத பெட்ரோலே கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. துருவேறிய நட்டுகளை இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவிட்டுக் கழற்றிப் பார்த்தபோது, கன்வெர்ட்டருக்குள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டின் முன்முகம் ஓரிடத்தில் உருகிப் பளபளத்து, கண்ணறைகள் மூடிக் கிடந்தன. இக்னிஷன் காயிலையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றிய பிறகே, புதிய கேஸ்கெட்டுடன் புதுக் கன்வெர்ட்டரைப் பொருத்தச் செய்தேன். பின் கோடு 0.7 வோல்ட்டில் அமைதியுற்றது.

உள்ளிருக்கும் தேன்கூட்டை இடித்துக் கொட்டிவிட்டு வெறுங்கூட்டை மாட்டிக்கொள்ளும்படி சிலர் கூறும் யோசனையை நான் மனமார வெறுக்கிறேன். கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தெருவில் நடக்கும் குழந்தைகளின் சுவாசத்தில் கலக்க யாருக்கும் உரிமையில்லை. புதுக் கன்வெர்ட்டர் வாங்கும்போதும் எச்சரிக்கை வேண்டும்: பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் பூசப்பட வேண்டிய பொருள் அநியாய மலிவில் கிடைத்தால், பூச்சு குறைவென்றே கொள்ளலாம்.

ஸ்கேனரைச் சாக்கெட்டிலேயே விட்டுவைத்தால் பேட்டரி இறங்குகிறது என்ற குறை இதற்கு உண்டு. ஆயினும் தாராளமாக வாங்கலாம். கன்வெர்ட்டர் மாற்ற நேர்ந்தால், கழற்றிய பழையதை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள உலோகத்துக்கு இன்றும் நல்ல விலை உண்டு.