படக்கதை இதழ்த் தொகுப்பும் தொலைக்காட்சியும் – தில்லித் தமிழ்ச் சூழலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

சங்கப் பாடல்களைப் பாடியோர் வேறு, தொகுத்தோர் வேறு, தொகுப்பித்தோர் வேறு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பெயர் சுட்டிப் போற்றியது தமிழ் மரபு. தொகுத்தலை இலக்கியச் செயலாகவே மதித்த மரபு இது. ஆயினும் சிறுவர் படக்கதை இதழ்களைத் தேடித் தொகுப்போரைக் கல்விப்புலம் அவ்வாறு மதித்ததில்லை. அவர்தம் முயற்சி பொழுதுபோக்கு என்றோ, இளமை நினைவில் தோய்தல் என்றோ ஒதுக்கப்படுகிறது. இம்மதிப்பீடு சரிதானா என்பதைத் தொலைக்காட்சிக்கும் படக்கதைக்கும் உள்ள உறவின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தலைநகர் தில்லியும், அங்குக் கோல் மார்க்கெட்டைச் சுற்றி அமைந்த தமிழ்க் குடியிருப்புச் சூழலும் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

தொலைக்காட்சி வழிப் பிறந்த இதழ்கள்

தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டிச் சிறுவர் படக்கதை இதழ்கள் வெளிவரும் வழக்கம் இங்கிலாந்தில் வலுவாக வேரூன்றியது. 1951இல் தொடங்கிய ‘டிவி காமிக்’ 1984வரை வெளிவந்தது. 1965 ஜனவரியில் தொடங்கிய ‘டிவி செஞ்சுரி 21’ ஜெர்ரி ஆண்டர்சனின் பொம்மலாட்டத் தொடர்களை அடிப்படையாகக் கொண்டது. அவ்விதழ் தன்னை நூறாண்டு பிந்திய செய்தித்தாளாகப் பாவித்து, முகப்பில் 2065ஆம் ஆண்டைப் பொறித்துக்கொண்டது. 1971 முதல் 1994வரை ‘லுக்-இன்’ வெளிவந்தது. இவ்விதழ்களின் பழைய படிகளைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உள்ளனர்.

இவற்றில் திரையே மூலம். தாள் அதன் வழிநூல். வாரம் ஒருமுறை திரையில் தோன்றி மறையும் காட்சியைக் கையில் வைத்துக்கொள்ள விழைந்த சிறுவனுக்கு இதழ் துணையாயிற்று. ஒளிப்பதிவு செய்து பார்க்கும் வசதி வீடுகளுக்கு வராத அக்காலத்தில் நிகழ்ச்சியின் நினைவைத் தாங்கிய பொருள் அச்சிட்ட தாள்தான். எனவே தொகுப்பாளர் சேர்ப்பது இதழை மட்டுமன்று; திரும்பக் காண முடியாதிருந்த ஒரு காட்சியின் சுவட்டையும் ஆகும்.

தில்லி: எண் கூறும் வரலாறு

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் தொடங்கியது. நாள்தோறும் ஒளிபரப்பு அமைந்தது 1965இல். இத்தில்லித் தொலைக்காட்சியோடு இந்தியப் படக்கதையின் பிறப்புக் கதை ஒன்று பிணைக்கப்பட்டுள்ளது. 1967இல் தில்லிக் கடையொன்றில் ஒளிபரப்பான வினாடி வினா நிகழ்ச்சியை அனந்த் பை காண்கிறார். கிரேக்கத் தொன்மம் பற்றிய வினாவுக்கு விடையளித்த மாணவர்கள் இராமனின் தாய் யார் என்ற வினாவுக்கு விடையறியாது திகைக்கின்றனர். அந்த ஏக்கமே ‘அமர் சித்திரக் கதை’ வரிசைக்கு வித்தானது என்பது பலகாலும் எடுத்துரைக்கப்படும் செய்தி.

இக்கதையின்படி இந்தியப் படக்கதை தொலைக்காட்சியின் வழிநூலன்று. தொலைக்காட்சி வெளிப்படுத்திய குறைக்கு மறுமொழி. இங்கிலாந்து நிலைக்கு இது நேர்மாறானது. நயமான முரண் இது. ஆயின் இதழ்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் தொகுப்பாளர் முன் ஒரு வினா எழாமல் போகாது. ஆங்கிலத்தில் ‘கிருஷ்ணா’வுடன் தொடங்கும் இவ்வரிசையின் முதல் இதழ் எண் பதினொன்று. முதற் பத்து எங்கே?

அப்பத்தும் கன்னடத்தில் வெளிவந்தவை. பொருளோ மேலைநாட்டுத் தேவதைக் கதைகள். 1965 அளவிலேயே பெங்களூரில் புத்தக விற்பனைத் துறையிலிருந்த ஜி. கே. அனந்தராம் இம்முயற்சியைத் தொடங்கினார் என்பது மற்றொரு தரப்புச் செய்தி. இரண்டையும் ஒருங்கே நோக்கினால், இந்தியத் தொன்மத்தை நோக்கிய திருப்பத்தைத் தில்லி நிகழ்ச்சி விளக்கலாம்; வரிசையின் தோற்றத்தை அது முழுமையாக விளக்காது என்பது புலனாகும். தலைநகரையும் தொலைக்காட்சியையும் மையமாகக் கொண்ட பிறப்புக் கதை நிலைபெற, மாநில மொழி ஒன்றில் நிகழ்ந்த தொடக்கம் பின்னுக்குச் சென்றது. அதனை இன்றும் காட்டிக்கொண்டிருப்பது அட்டையில் உள்ள ஓர் எண்ணே. நிறைவுற்ற வரிசையைத் தேடும் தொகுப்பாளரின் பிடிவாதம் வரலாற்றாய்வுக்குத் தரும் கொடை இத்தகையது.

கோல் மார்க்கெட்: இடமும் இதழும்

புதுதில்லி உருவான காலத்தில், 1921இல், பன்னிரு பக்கங்களோடு வட்ட வடிவில் எழுந்தது கோல் மார்க்கெட். அதனைச் சூழ அமைந்த அரசுக் குடியிருப்புகளில் நடுவண் அரசு அலுவலகங்களில் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. 1923இல் தோன்றிய கல்விக் கழகத்தின் வழிவந்த தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளுள் ஒன்று இப்பகுதியை அடுத்த மந்திர் மார்க்கில் இயங்கி வருகிறது.

தெருவில் இந்தியும் அலுவலகத்தில் ஆங்கிலமும் வழங்கிய இச்சூழலில், சிறுவர்க்குத் தமிழ் பள்ளிப் பாடமாகவும் வீட்டுப் பேச்சாகவும் இருந்தது. பாடத்துக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பியவை இதழ்கள். படம் முன்னின்று பொருளை உணர்த்த, எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனும் கதையைத் தொடர முடிந்தது. தமிழ்நாட்டில் பொழுதுபோக்காக இருந்த படக்கதை, வெளிமாநிலத் தமிழ் வீட்டில் எழுத்துப் பயிற்சிக்கும் துணையாகத்தக்கது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆயின் அரசுக் குடியிருப்பு நிலையான இல்லமன்று. இடமாற்றமோ ஓய்வோ வரும்போது வீடு காலி செய்யப்படும். முதலில் எடைக்குப் போவது பழைய இதழ்கள். தமிழ் எழுத்தறியாத பழைய தாள் வியாபாரிக்கு அம்புலிமாமாவும் அலுவலகக் கோப்பும் ஒரே விலை. வட்டாரத்தில் தமிழ் வாசகர் நிறைந்த ஊரிலாவது எடைக்குப் போன இதழ் பழைய புத்தகக் கடைக்கு வந்து இன்னொரு வாசகரை அடையும். புலம்பெயர்ந்த நகரில் அவ்வாய்ப்பு மிகக் குறைவு. தில்லியின் புகழ்பெற்ற தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையே 2019இல் நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டு மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. பழைய தாள் மீண்டும் புத்தகமாகும் வழிகள் இடத்தைச் சார்ந்தவை. இடம் மாறும்போது அவையும் மாறுகின்றன.

திரைக்கு முந்திய தாள்

தமிழ் நிலையைத் தனியே நோக்குதல் வேண்டும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது 1972இல். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975இல். எனவே தமிழ்ப் படக்கதையின் முதல் தலைமுறை வாசகர் தொலைக்காட்சியை அறியுமுன்னரே சட்டகம் சட்டகமாக நகரும் காட்சிக்குப் பழகியிருந்தனர்.

இரும்புக்கை மாயாவியின் மூலம் 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கிய கதை. முதலில் கென் பல்மரும் பின்னர் டாம் டல்லியும் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் புலப்படும். ஆங்கிலத் தலைப்பு கையை மட்டுமே சுட்டுகிறது. தமிழ்த் தலைப்போ கையோடு ‘மாயாவி’ என ஆளையும் சுட்டுகிறது. மாயாவி என்ற சொல் தமிழ்க் கதைமரபில் அஞ்சத்தக்கவனுக்கும் வியக்கத்தக்கவனுக்கும் பொதுவானது. குற்றவாளியாகத் தொடங்கிப் பின்னர்க் காவலனாக மாறும் இந்நாயகனுக்கு அவ்விருபொருட்சொல் மூலத்தினும் பொருந்தி நிற்கிறது. வழிநூலின் நால்வகையுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். பெயரறியப்படாத படக்கதை மொழிபெயர்ப்பாளர்க்கும் அவ்வகைப்பாட்டில் இடமுண்டு.

1947இல் தொடங்கிய அம்புலிமாமா மற்றொரு சான்று. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் ஓவியத்தால் பல தலைமுறைக்கு அறிமுகமானவர் 2020இல் மறைந்த ஓவியர் சங்கர். அதே கதைகள் தூர்தர்சனில் ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ என்ற இந்தித் தொடராக வந்தது 1985இல். அம்புலிமாமா படித்து வளர்ந்த சிறுவர்க்கு அக்காட்சி புதிதன்று. தாளில் கண்டதன் மறுதோற்றமாகவே அவர்கள் திரையை நோக்கியிருக்க இயலும். இங்குத் தாளே முன்னது, திரை பின்னது.

தொகுப்பாளர் அளவுகோலும் ஆய்வாளர் அளவுகோலும்

தொகுப்பாளர் முதல் இதழையும், அட்டை சிதையாத படியையும், அரிய சிறப்பு மலரையும் மதிக்கின்றனர். இம்மதிப்பு பயனுடையதாயினும் போதுமானதன்று. தமிழ் வீடுகளில் இதழ்ப் பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்து நூலாகக் கட்டிவைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. தொகுப்பாளர் பார்வையில் அவ்வாறு கட்டிய நூல் குறையுடையது. அட்டையும் விளம்பரமும் போய்விட்டன. ஆய்வாளர் பார்வையில் அது வாசகரே உருவாக்கிய பதிப்பு. எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார், எந்த வரிசையில் கோத்தார் என்பன யாவும் வாசிப்பின் சான்றுகள். கட்டு நூலைப் பிரித்து நல்ல பக்கங்களை மட்டும் தெரிந்தெடுத்தால் அச்சான்று அழியும்.

தொகுப்பாளரிடையே மற்றொரு குறையும் உண்டு. இளமைப் பற்று திறனாய்வை மங்கச் செய்கிறது. அமர் சித்திரக் கதையில் தேவர் வெண்ணிறமும் அசுரர் கருநிறமும் பெறும் போக்கைத் திறனாய்வாளர் பலர் கண்டித்துள்ளனர். போற்றிப் பாதுகாப்பதும் கேள்விக்குட்படுத்துவதும் முரண்பட்டவையல்ல. பாதுகாக்கப்படாத இதழைக் கேள்விக்குட்படுத்தவும் இயலாது.

நூலகங்களின் நிலை என்ன? நூல் அளிப்புச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் பருவ வெளியீடுகளையும் உள்ளடக்கியது. சென்னைக் கன்னிமாரா நூலகமும் தில்லிப் பொது நூலகமும் இச்சட்டத்தின்படி படிகளைப் பெறும் நூலகங்கள். ஆயினும் சட்டம் படியை நூலகத்துக்கு அனுப்பச் சொல்லுமேயன்றி, பதிப்பாளர் அனுப்புவதையும் நூலகம் மதித்துப் பேணுவதையும் அதனால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா தனிமனிதராகத் திரட்டிய அச்சுச் செல்வம், 1992இல் அவர் மறைந்தபின் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. நிறுவனம் செய்யாததைத் தொகுப்பாளர் செய்ததும், தொகுப்பாளர் தனித்துச் செய்ய இயலாததை நிறுவனம் செய்ததும் அங்கு ஒருங்கே நிகழ்ந்தன.

முடிவுரை

இங்கிலாந்தில் திரையின் நிழலாகவும், தில்லியில் திரைக்கு மறுமொழியாகவும், தமிழில் திரைக்கு முன்னோடியாகவும் படக்கதை இதழ் விளங்கியமை மேற்கண்ட சான்றுகளால் தெளிவாகிறது. இவ்வேறுபாட்டை உணர்த்துவன இதழ்களின் எண்களும் ஆண்டுகளும் தலைப்புகளுமே. அவற்றைக் காத்தவர் பெரும்பாலும் தனிமனிதத் தொகுப்பாளர்கள். ஆதலின் தமிழ்த்துறைகள் அவர்களிடமுள்ள இதழ்களுக்கு அட்டவணை தயாரித்தல், கட்டு நூல்களைப் பிரிக்காது பதிவுசெய்தல், மொழிபெயர்ப்பாளர் பெயர்களை இயன்றவரை திரட்டுதல் ஆகிய மூன்றையும் மேற்கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டுக்கு அப்பால் வாழ்ந்த குடும்பங்களின் பெட்டிகளையும் இம்முயற்சி எட்டுதல் வேண்டும். கோல் மார்க்கெட் போன்ற குடியிருப்புகளில் தமிழ் கற்ற தலைமுறை முதுமை எய்திவருகிறது. அவர்தம் வீடு ஒழிக்கப்படும் நாளில் அங்கு முதலில் வந்து நிற்பவர் தாள் வியாபாரியா, ஆய்வாளரா என்பதைப் பொறுத்தே இப்பகுதி இலக்கிய வரலாறு எழுதப்படும்.