குற்றக்கூண்டில் ஓர் எளியவன்: 'பிரைமல் ஃபியர்' திரைப்படத்தின் கருத்துநிலை பற்றிய ஒரு நோக்கு

கொலை வழக்கினைக் கதைப்பொருளாகக் கொள்ளும் திரைப்படங்கள் வெறும் பொழுதுபோக்குச் சாதனங்கள் எனக் கருதப்பட்டு, இலக்கிய ஆய்வாளரின் கவனத்தைப் பெறாது போவதுண்டு. ஆயின், ஒரு சமூகம் தனது நீதிமுறைமை பற்றித் தனக்குத்தானே எத்தகைய கதைகளைக் கூறிக்கொள்கின்றது என்பதை அறிய முற்படுவோர் இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஏர்னஸ்ற் மன்டெல் 1984 இல் வெளியிட்ட நூலொன்றில், குற்றக்கதையின் வரலாற்றை முதலாளித்துவ சமூகத்தின் வரலாற்றோடு இணைத்து நோக்கினார். அந்நோக்கு திரைப்படத்துக்கும் பொருந்துவதே. கிறெகரி ஹொப்லிற் நெறிப்படுத்தி 1996 இல் வெளிவந்த 'பிரைமல் ஃபியர்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தை இவ்வகையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வில்லியம் டீல் 1993 இல் எழுதிய நாவலைத் தழுவியது இப்படம்.

நீதிமன்றத் திரைப்பட மரபில் இருவேறு போக்குகள் உள்ளன. இரண்டுக்கும் தக்க எடுத்துக்காட்டுகள் ஒரே ஆண்டில், 1957 இல், வெளிவந்தன. சிட்னி லுமெற்றின் 'பன்னிரண்டு கோபக்காரர்' (ருவெல்வ் ஆங்றி மென்) படத்தில் தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் சேரியிற் பிறந்த இளைஞன். அவன் கொன்றானா இல்லையா என்பதைப் படம் இறுதிவரை கூறவில்லை. நியாயமான ஐயம் எழுந்தபின் ஒருவனைக் கொலைக்களத்துக்கு அனுப்பலாமா என்பதே அதன் வினா. தம் வர்க்கத் தப்பெண்ணங்களோடு மேசையைச் சுற்றியிருக்கும் யூரிமாரே அங்கு விசாரணைக்குள்ளாகின்றனர். மற்றையது, அகதா கிறிஸ்ரியின் நாடகத்தைத் தழுவி பில்லி வைல்டர் நெறிப்படுத்திய 'விற்னஸ் ஃபோர் த பிரொசிகியூஷன்'. அப்பாவி என நம்பப்பட்டு விடுதலை பெறுபவனே கொலையாளி என்பது அங்கு கடைசி நிமிடங்களில் வெளிப்படுகின்றது. முன்னையது ஐயத்தைச் சமூகத்தின்மீது திருப்புகின்றது. பின்னையது அதனைக் குற்றஞ்சாட்டப்பட்டவன்மீது மீளவும் திருப்பி விடுகின்றது. 'பிரைமல் ஃபியர்' முதலாவது மரபிற் புறப்பட்டு இரண்டாவதிற் சென்று முடிகின்றது. அப்பயணத்தின் சமூகப் பொருள் யாது என்பதே நம்முன் உள்ள வினா.

கதை சிக்காகோ நகரில் நிகழ்கின்றது. செல்வாக்கு மிக்க கத்தோலிக்கப் பேராயர் றஷ்மன் கொடூரமாகக் கொலைசெய்யப்படுகின்றார். குருதி தோய்ந்த உடையுடன் ஓடிய ஆரன் ஸ்ராம்ப்ளர் என்னும் பத்தொன்பது வயதுப் பீடப்பணியாளன் கைதாகின்றான். கென்ரக்கி மாநிலத்திலிருந்து வந்து வீதியிற் கிடந்தவன், பேராயரால் ஆதரிக்கப்பட்டவன், திக்கித் திக்கிப் பேசுபவன். இத்தகையவனா கொலை செய்தான் என்று எவரும் கேட்கத்தக்க தோற்றமுடையவன். புகழ்மிக்க சட்டத்தரணி மாட்டின் வெய்ல் (றிச்சார்ட் கியர்) கட்டணம் பெறாமலே அவனுக்காகத் தோன்ற முன்வருகின்றான். வழக்கை நடத்துபவள் வெய்லின் பழைய தோழி ஜனற் வெனபிள் (லோரா லினி).

கட்டணமின்மை இங்கு கருணையன்று. நாடெங்கும் பேசப்படும் வழக்கொன்றில் கிடைக்கும் விளம்பரமே வெய்லுக்குரிய ஊதியம். வறிய எதிரிக்கும் அரச செலவிற் சட்டத்தரணி வழங்கப்படவேண்டுமென அமெரிக்க உயர்நீதிமன்றம் 1963 இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும் கிடைக்கும் சட்டத்தரணியின் திறமையும் நேரமும் சந்தைக்குட்பட்டனவாகவே உள்ளன. ஓ. ஜே. சிம்ப்சன் வழக்கு 1995 இல் மாதக்கணக்காகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, எதிரிதரப்புச் சட்டத்தரணிகள் நட்சத்திரங்களாகிய மறுவருடமே இப்படம் வெளிவந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கருத்து, சந்தையிற் சமமாக நின்று பரிவர்த்தனை செய்யும் பண்ட உடைமையாளரின் வடிவத்திலிருந்தே பிறக்கின்றது எனப் பசுக்கானிஸ் 1924 இல் வாதிட்டார். விற்பதற்கு ஒன்றுமில்லாத ஆரன் தன் வழக்கின் பரபரப்பையே விலையாகக் கொடுத்துச் சட்டத்தரணியைப் பெறுகின்றான். படத்தின் முற்பகுதி இவ்வுண்மையை ஒளிக்காது காட்டுகின்றது.

அதனினும் முக்கியமானது காணி பற்றிய செய்தியாகும். திருச்சபைக்குரிய நிலங்களை அபிவிருத்திக்கு விடுவதில்லை எனப் பேராயர் எடுத்த முடிவினால், நகரின் செல்வாக்குடையோர் பெருந்தொகைப் பணத்தை இழந்துள்ளனர். அவர்களுள் ஒருவர், ஆரனுக்கு எதிராக வழக்குத் தொடுக்கும் திணைக்களத்தின் தலைவராகிய ஷோக்னெசி. பேராயருக்குக் கொலை மிரட்டல்களும் வந்துள்ளன. அந்நிலத்தோடு தொடர்புள்ள பினெரோ என்பவன், வெய்லின் பழைய கட்சிக்காரன், படத்தின் நடுவே கொல்லப்பட்டுப் பிணமாகக் கண்டெடுக்கப்படுகின்றான். ஆக, இப்படத்தில் நிகழும் கொலை ஒன்றன்று. பேராயரின் கொலைக்கு நகரமே திரண்டு வழக்கு நடத்துகின்றது. பினெரோவின் கொலைக்கு வழக்கே நடப்பதில்லை. ஷோக்னெசியைச் சாட்சிக்கூண்டிலேற்றி நிலவிவகாரத்தை வெய்ல் கிளறும்போதும், அது வழக்குக்குப் புறம்பானது என ஒதுக்கப்படுகின்றது. எது வழக்குக்கு உட்பட்டது, எது புறம்பானது என்று வரையறுப்பதிலேயே சட்டத்தின் வர்க்கத்தன்மை தங்கியுள்ளது என்பதற்கு இதனைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

இந்நிலவிவகாரம் கதாசிரியரின் வெறுங்கற்பனையென்று தள்ளத்தக்கதுமன்று. சிக்காகோவின் மையப்பகுதிக்கு அண்மையில், வறிய கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த கப்ரினி-கிறீன் என்னும் அரச குடியிருப்புத் தொகுதியின் மாடிக் கட்டடங்கள் 1995 முதல் இடிக்கப்படலாயின. அப்பணி 2011 வரை நீடித்தது. நகரத்து நிலம் எவருக்குரியது என்ற போராட்டம் உண்மையில் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே படம் அங்கு களங்கொண்டது.

மூன்றாவது சான்று ஓர் ஒளிநாடா. பேராயர், ஆரனையும் அவனது காதலி லிண்டாவையும் இன்னொரு பீடப்பணியாளனையும் தம் முன்னிலையிற் பாலியற் செயல்களில் ஈடுபட வற்புறுத்திப் பதிவுசெய்த நாடா அது. ஆதரவற்றோருக்கு அளிக்கப்பட்ட உணவுக்கும் உறையுளுக்கும் அவர்களது உடலே விலையாயிற்று. பொஸ்ரன் நகரப் பத்திரிகையொன்று 2002 இல் குருமாரின் துர்நடத்தைகளையும் திருச்சபை நிருவாகம் அவற்றை மறைத்தமையையும் விரிவாக வெளிக்கொணர்வதற்கு ஆறாண்டுகள் முன்னரே ஜனரஞ்சகப் படமொன்று இதனைத் துணிந்து கூறியது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு சொத்து, சமயபீடம், அரசு ஆகிய மூன்றும் கைகோத்து நிற்கும் நிலையைக் காட்டிய படம், அதன்பின் தன் திசையை மாற்றுகின்றது. வெய்ல் ஆரனைக் கடிந்து விசாரிக்கும்போது அவனுக்குள்ளிருந்து றோய் என்னும் மூர்க்கமான இன்னோர் ஆளுமை வெளிப்படுகின்றது. வழக்குத் தொடங்கிவிட்டமையால் சித்தசுவாதீனமின்மை என்ற எதிர்வாதத்துக்கு மாறவியலாத வெய்ல், சாட்சிக்கூண்டில் ஆரனைச் சீண்டப்பட விடுகின்றான். றோய் வெளிப்பட்டு வெனபிளின் கழுத்தைப் பற்றுகின்றான். நீதிபதி யூரிமாரைக் கலைத்துவிட்டுத் தாமே தீர்ப்பளிக்கின்றார். ஆரன் மனநோயாளியென மருத்துவமனைக்கு அனுப்பப்படவுள்ளான். 1957 இல் லுமெற் எந்த யூரிமாரிடம் நம்பிக்கை வைத்தாரோ அந்த யூரிமார் இங்கு தேவையற்றவராகி விடுகின்றனர். இறுதிச் சந்திப்பில், நினைவிலிருக்க முடியாத ஒன்றை, அதாவது வெனபிளின் கழுத்தை, ஆரன் வாய்தவறிக் குறிப்பிடுகின்றான். நோய் நடிப்பு என்பது வெளிப்படுகின்றது. லிண்டாவையும் தானே கொன்றதை ஒப்புக்கொள்ளும் அவன், ஆரன் என்று ஒருவன் என்றுமே இருந்ததில்லை எனப் பெருமிதத்தோடு கூறுகின்றான். வெய்ல் பத்திரிகையாளரைத் தவிர்த்து நீதிமன்றத்தின் பின்வாசல் வழியே வெளியேறுகின்றான்.

இம்முடிவைத் தருக்கரீதியாகச் சிந்தித்தல் வேண்டும். ஆரனின் வாக்குமூலம் எதனைப் பொய்யாக்குகின்றது? அவனது நோயை மட்டுமே. ஒளிநாடா பொய்யாகவில்லை, நிலவிவகாரம் பொய்யாகவில்லை, பினெரோவின் பிணமும் பொய்யாகவில்லை. எனினும், பார்வையாளர் அனைத்துமே தலைகீழாகிவிட்டது போன்ற உணர்வோடு வெளியேறுகின்றனர். இரண்டு மணிநேரமாகத் திரட்டப்பட்ட சமூகச் சான்றுகள் ஒரு முகமாற்றத்தால் நினைவிலிருந்து துடைக்கப்படுகின்றன. கதையின் உள்ளடக்கம் எழுப்பிய குற்றப்பத்திரத்தை அதன் உருவமே தள்ளுபடி செய்கின்றது.

கொலையுண்டவரின் மார்பிற் கீறப்பட்டிருந்த குறியீடு இதனை மேலும் தெளிவாக்கும். அது நதானியல் ஹோதோர்ன் 1850 இல் வெளியிட்ட 'த ஸ்காலெற் லெற்றர்' நாவலின் ஒரு பகுதியைச் சுட்டுவது. தனக்கொரு முகமும் உலகுக்கொரு முகமும் கொண்டு வாழ்பவனைப் பற்றியது அப்பகுதி. வெய்ல் அதனைக் கண்டறியும்போது அக்குற்றச்சாட்டு பேராயரைக் குறிக்கின்றது. படம் முடியும்போதோ இருமுகம் கொண்டவன் ஆரனே என்றாகிவிடுகின்றது. அதிகாரத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றம் அநாதையின் தோளுக்கு இடம்மாற்றப்படுகின்றது.

வறியவனும் வஞ்சகனாக இருக்கலாமன்றோ, அவனைப் புனிதனாகக் காட்டுமாறு கோருவது யதார்த்தமாகுமா எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானது, வறுமையை ஒழுக்கச் சான்றிதழாக்குவது மார்க்சிய விமரிசனத்தின் வேலையன்று. லுமெற்றின் படமும் சேரி இளைஞனைக் குற்றமற்றவனென நிறுவவில்லை. ஆரன் தந்திரசாலி என்பதும், அவன் சீரழிக்கப்பட்டான் என்பதும், அவனைத் தண்டிக்க முனைந்த அரசுக்கு அவ்வழக்கிற் பொருள்நலன் இருந்தது என்பதும் ஒருங்கே உண்மையாக நிற்கக்கூடியன. அம்மூன்றையும் அவற்றின் முரண்பாட்டோடு ஒருசேரக் காட்டியிருந்தால் படம் மகத்தான படைப்பாகியிருக்கும். ஆனால், ஆரனுடைய தீமைக்கு வரலாறு இல்லை. அது எங்கிருந்தோ முளைத்த ஆதி அச்சம். படத்தின் பெயரும் அதனையே உணர்த்துகின்றது. வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவது முதலாளித்துவக் கருத்துநிலையின் பழைய வழக்கமேயாகும்.

இவ்விடத்தில் எட்வேர்ட் நோற்றனின் நடிப்புப் பற்றிக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. தமது முதற்படத்திலேயே அவர் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கோல்டன் குளோப் விருதையும் பெற்றார். தோளின் சாய்விலும் குரலின் தடுமாற்றத்திலும் அவர் உருவாக்கும் ஆரன், நாம் அறிந்த எத்தனையோ ஒடுக்கப்பட்ட இளைஞரின் உடல்மொழியைக் கொண்டிருக்கின்றான். ஆதலாலேயே ஆபத்தும் பெரிதாகின்றது. அடுத்தமுறை குற்றக்கூண்டில் ஒருவன் தலைகுனிந்து திக்கி நிற்கும்போது, அது நடிப்போ என ஐயுறுவதற்கு இப்படம் நம்மைப் பழக்கிவிடுகின்றது.

இக்கதையைப் பின்பற்றி 2002 இல் வெளிவந்த 'தீவாங்கி' என்னும் ஹிந்திப் படமும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அதிற் கொலையுண்டவர் இசை நிறுவனமொன்றின் அதிபர். பேராயரும் திருச்சபை நிலமும் நீங்கிவிட, இருமுகம் என்ற திருப்பம் மட்டும் எஞ்சியது. மூலப்படத்தில் விற்பனைக்குரிய பகுதி எதுவெனச் சந்தை தெளிவாக அறிந்திருந்தது.

எனவே, இப்படத்தை நிராகரித்தல் அன்று, அதன் முடிவுக்கு எதிராகப் படித்தலே பயனுடையது. திருப்பத்தில் மயங்காது, அதற்கு முன் நம் கண்முன் வைக்கப்பட்ட சான்றுகளை மீளவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பினெரோவைக் கொன்றவர் யார்? அந்த நிலம் இறுதியில் எவருக்குச் சென்றது? ஷோக்னெசி ஏன் கூண்டில் நிற்கவில்லை? படம் கேட்டுவிட்டு மறந்த இவ்வினாக்களைப் பார்வையாளர் மறவாதிருப்பாராயின், அவ்வழக்கு இன்னும் முடிவடையவில்லை.