காய்ச்சலும் கணக்கும்

மலேரியா ஒழிப்பையும் குடித்தொகைப் பெருக்கத்தையும் பற்றிப் பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட நூல், ஈழத்து மரணக் கணக்குகளை ஆராய்வார் ஒதுக்கற்பாலதன்று. 1946இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆயிருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலேயே 14 அளவுக்கு இறங்கிற்று. டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் பரவிய காலமும் அதுவே. இரண்டையும் காரண காரியமாக இணைத்தல் எவர்க்கும் எளிது. நியூமன் அவ்வெளிமையோடு அமைந்தாரல்லர். ஒப்புநோக்குதற்கென நோய்நிலமொன்றைத் தெளிக்காது விடுதல் அறமன்று. ஆகவே, மாவட்டந்தோறும் கண்ட மண்ணீரல் வீக்க வீதத்தையே மலேரியாவின் அளவுகோலாகக் கொண்டு, அது மிக்க இடங்களில் இறப்பும் மிகுதியாகக் குறைந்ததா என வினவினார். திட்டம் நுண்ணியதே.

எனினும், வன்னியை அறிந்தார்க்கு ஓர் ஐயம் எழும். அந்நாளில் முல்லைத்தீவையும் உள்ளடக்கிய வவுனியா மாவட்டத்தில் மண்ணீரல் வீக்கம் மட்டுமா மிகுந்திருந்தது? வைத்தியசாலைக்குரிய தூரமும் மிகுதி. வைத்திய வசதி பெருகுங்கால் மிகுந்த பயன் பெறுவதும் அத்தகைய இடமேயன்றோ? சாரா மாறி ஒன்றென எண்ணப்பட்டது பல மாறிகளின் கட்டாய் முடிகின்றது. குடியேற்றம் பிறிதொரு சிக்கல். காடு வெட்டிக் கழனி செய்ய வந்தோர் பெரும்பாலும் இளைஞராயின், நோய் குறையாவிடத்தும் பருமட்டான இறப்பு வீதம் குறைந்தே தோன்றும். வயதுவாரிக் கணக்கின்றி இதனைப் பிரித்தறிதல் அரிது. மேலும், மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுதலின், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மாண்ட வன்னியானின் பதிவு வன்னியில் இராது.

மலேரியா அருகிய பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்தமையை மீகம 1967இல் எடுத்துக்காட்டினார். 1974இல் கிறே மறுகணக்கிட்டு, போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 23 எனக் கண்டார். அதுவோ நாடு முழுமைக்குமான எண். வவுனியாவின் பங்கை அது கூறாது.