நாரையின் அலகும் புலவரின் குளிரும்

வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் இணையிணையாகக் கூடமைக்கும் நாரைகளைக் காணுந்தோறும் சத்திமுத்தப் புலவர் நம் நினைவில் எழுகிறார். நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்ட அவரது கூர்மையை உவமைக்குச் சான்றாகக் கூறிப் புன்னகையோடு கடந்துவிடுகிறோம். அதே கண்தான், மதுரையில் உடுக்கத் துணியின்றிப் பனிக்காற்றில் நடுங்கும் தம்மையும் பெட்டிக்குள் சுருண்ட பாம்பாகக் கண்டு நகைக்கிறது. அந்நகைப்பின் அடியில் இருப்பதோ துயரம். நாரைக்குத் துணை உண்டு, அவரோ தனியர். ஊரிலே மனைவி, மழையில் ஊறிய சுவரில் ஒலிக்கும் பல்லியிடம் அவர் வரவுக்கு நற்குறி தேடுகிறாள். அவளுக்கு அவர் அனுப்பும் செய்தியில் பணமில்லை, திரும்பும் நாளுமில்லை. அவரைக் கண்டதாகச் சொன்னால் போதும் என்கிறார். வாக்குறுதி தர இயலாதவரின் நேர்மை அது. உவமையை மட்டும் நயந்து நிற்போர் இந்நேர்மையைத் தவறவிடுகின்றனர் என்பதே நம் கருத்து.