பேற்றனின் நாவலில் இரு தந்தையர்

இனக்காழ்ப்பைப் பொருளாகக் கொண்டெழும் நாவல்கள் பெரும்பாலும் கொடியவன் ஒருவனைப் படைத்து, பழி முழுவதையும் அவன்மீது சுமத்திவிடுகின்றன. வாசகனும் நல்லவர் அணியில் நின்றுகொண்டு ஆறுதலடைகிறான். தென்னாபிரிக்க எழுத்தாளர் அலன் பேற்றன் (1903–1988) எழுதி 1948இல் வெளிவந்த நாவல் இவ்வாறுதலை எளிதில் அளிப்பதன்று. ‘அழு, அன்புக்குரிய நாடே’ எனத் தமிழிற் பொருள்படும் பெயருடைய அந்நூலின் தலைமைப் பாத்திரங்களுள் ஒருவரான ஜேம்ஸ் ஜாவிஸ் நல்லவர். அந்நன்மையின் இயல்பே இங்கு நமது ஆய்வுக்குரியது.

கதை பலரும் அறிந்ததே. கறுப்பினப் பாதிரியாரான ஸ்டீபன் குமாலோ தம் மகன் அப்சலோமைத் தேடி ஜொகானஸ்பேர்க் செல்கிறார். வீடொன்றிற் களவாடப் புகுந்த அப்சலோம், அச்சத்தினால் ஆதர் ஜாவிஸ் என்னும் வெள்ளையரைச் சுட்டுக் கொன்றமை தெரியவருகிறது. கொலையுண்டவரோ கறுப்பின மக்களின் நீதிக்காக உழைத்தவர். அவருடைய தந்தையே ஜேம்ஸ் ஜாவிஸ். குமாலோவின் வறண்ட பள்ளத்தாக்குக்கு மேலுள்ள வளமான பண்ணை அவருக்குரியது. நாவலின் முதற்பாகமும் இரண்டாம் பாகமும் ஒரே மலைவழியை வருணித்தே தொடங்குகின்றன. முன்னது பாழ்நிலத்துக்கு இறங்குகிறது. பின்னது மேட்டுநிலப் பண்ணையிலே தங்கிவிடுகிறது. இருவரும் அயலவர், ஆயினும் ஒருவர் வாழ்வு மற்றவருக்குப் புலப்படவில்லை.

ஜாவிஸ் சூலு மொழி அறிந்தவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மொழியறிவும் அண்மையும் இருந்தால் இனங்களிடையே புரிந்துணர்வு தானே மலரும் என்பார் உளர். (நம் நாட்டிலும் இக்கூற்று அடிக்கடி கேட்கப்படுவதே.) அவை இரண்டும் ஆயுட்காலம் முழுவதும் வாய்த்திருந்தும் ஜாவிசுக்குப் புரிந்துணர்வு வாய்க்கவில்லை. அவருக்கு அதனைத் தருவது இறந்த மகனின் எழுத்து. ஆதர் விட்டுச்சென்ற கட்டுரையொன்றில், பெற்றோரிடம் நேர்மையையும் ஈகையையும் கற்றதாகவும், தென்னாபிரிக்காவைப் பற்றி அவர்களிடம் எதனையுமே கற்கவில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. தந்தை மனம் புண்பட்டு எழுந்துவிடுகிறார்; பின்னர் மீண்டும் வந்து படிக்கிறார். நாவலின் உச்சக் கட்டம் நீதிமன்றத் தீர்ப்பன்று, இதுவே என்பேன். காழ்ப்பு என்பது எப்பொழுதும் வெறுப்பாகவே வெளிப்படுவதன்று. நேர்மையாளரிடத்தும் அது அறியாமையாக அமைதியுடன் குடியிருக்கக்கூடும் என்பதனை இப்பகுதி உணர்த்தும் அளவுக்கு வேறெந்தப் பகுதியும் உணர்த்தவில்லை.

இதன் பின்னரே ஸ்பிறிங்ஸ் நகரில் இரு தந்தையரும் எதிர்பாராது சந்திக்கின்றனர். குமாலோவின் உடல் நடுங்குகிறது. காரணம் ஜாவிசுக்குத் தெரியாது. தம் மகனே அவர் மகனைக் கொன்றவன் என்பதைக் குமாலோ வாய்விட்டுக் கூறியதும், ஜாவிஸ் சினமின்றி அத்துயரை ஏற்றுக்கொள்கிறார். முன்னைய ஜாவிசாயின் அக்கிழவரின் துயரம் அவர் செவியில் ஏறியிராது. பின்னர் அவருடைய பேரன் குமாலோவிடம் சூலுச் சொற்கள் கற்க வருகிறான். பால் கேட்கும் சிறுவனுக்கு, ஊரிற் பாலே இல்லை என்பதும் அதனாற் குழந்தைகள் இறக்கின்றன என்பதும் தெரியவருகின்றன. பாட்டனார் அறிந்திருந்த மொழியைச் சிறுவன் கற்க வருகிறான். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. விரைவிலேயே பண்ணையிலிருந்து பால் வருகிறது, அணைக்கட்டுக்கும் திட்டமிடப்படுகிறது.

இவ்விடத்திலேதான் கறுப்பின விமர்சகர் சிலரின் மறுப்பு எழுகிறது. குமாலோவின் பணிவும் பொறுமையும் வெள்ளையரின் மனத்துக்கு இதமளிப்பன என லூயிஸ் இன்கோசி போன்றோர் கண்டித்தனர். அக்கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் நூலினுள்ளேயே அதற்கு ஒரு குரல் உண்டு. ஜாவிஸ் அனுப்பிய இளம் விவசாயப் போதனாசிரியர் நெப்போலியன் லெட்சிட்சி, நன்றியுணர்வு மிக்க குமாலோவிடம், நிலத்தைக் குறுக்கியவரும் மக்களை அதிலிருந்து பெயர்த்தவரும் வெள்ளையரே எனவும், தம்மவரின் அறியாமையும் அதற்குத் துணைபோயிற்று எனவும், ஆகவே இந்நல்லவர் செய்வது கடனைத் திருப்பிச் செலுத்துவதே எனவும் கூறுகிறார். 1913ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் ஆபிரிக்கருக்கு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கினையே ஒதுக்கியதை எண்ணுமிடத்து, இக்கூற்று மிகையன்று. மனிதரை மனிதராகக் காண்பது ஈகையோடு நின்றுவிடுமா, உரிமையை ஏற்பதுவரை செல்லுமா என்பதே அவ்விளைஞரின் வினா. குமாலோ இப்பேச்சை விரும்பவில்லை. ஆசிரியரும் அதனை அவ்வளவில் விட்டுவிட்டு, கிழவரை மலையுச்சிக்குப் பிரார்த்தனைக்கு அனுப்பிவிடுகிறார். நூலின் பெருங்குறை இது.

நாவல் வெளிவந்த அதே 1948ஆம் ஆண்டில் தேசியக் கட்சி ஆட்சியேறி, இனஒதுக்கலை அரச கொள்கையாக்கிற்று. 1953இல் லிபரல் கட்சியைத் தோற்றுவித்தோருள் பேற்றனும் ஒருவர். பல்லின மக்கள் ஒரே கட்சியில் அங்கம் வகிப்பதைத் தடைசெய்து 1968இற் சட்டம் இயற்றப்பட்டபோது, தன் கறுப்பின உறுப்பினரை நீக்கிவிட்டு நிலைத்திருக்க விரும்பாது அக்கட்சி கலைந்தது. லெட்சிட்சியின் வினாவுக்கு நாவலில் இடம்பெறாத விடையை ஆசிரியரின் பிற்கால வாழ்விலேயே தேடவேண்டியுள்ளது.