'ட்விஸ்டர்' படத்தில் கேட்காத குரல்

1996ஆம் ஆண்டில் ஜான் டி பான்ட் இயக்கி வெளிவந்த 'ட்விஸ்டர்' என்னும் ஆங்கிலப் படத்தை வாசகர்களில் பலர் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், டொர்னேடோ எனப்படும் சுழற்காற்றைத் துரத்தும் ஆய்வாளர்களின் கதை அது. காற்றின் பாதையில் 'டாரதி' என்னும் கருவியை வைத்துவிட்டு உயிர் தப்பி ஓடவேண்டும். இது முழுக் கற்பனையன்று. 1980களின் தொடக்கத்தில் 'டோட்டோ' என்ற கருவியை விஞ்ஞானிகள் இவ்வாறு வைத்துப் பார்த்தனர். ஆனால் சுழற்காற்றின் நடுவே அதைச் சிக்கவைக்க முடியவில்லை.

காற்றைக் கண்டவுடன் 'எஃப் 3' என்று கூவுவது பிழை. ஃபுஜிட்டா அளவு, காற்று கடந்தபின் சேதத்தைப் பார்த்து இடப்படுவது. இதைக்கூட மன்னித்துவிடலாம். துரத்திப் போகிறவர்களால்தான் மக்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும் என்ற எண்ணத்தைப் படம் உண்டாக்குகிறதே, அதுதான் பெருங்குறை.

உண்மையில் எச்சரிக்கைக்கு உதவுவோரில் பலர் 'ஸ்கைவார்ன்' என்னும் திட்டத்தில் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்களில் ஹாம் வானொலி உரிமம் பெற்றவர்கள் ஏராளம். ரேடார் இருக்கும்போது இவர்கள் எதற்கு? பூமி வளைந்திருக்கிறது. ரேடார் கதிரோ அரை பாகை மேல்நோக்கியே செல்கிறது. 100 கிலோமீட்டர் தொலைவில் அது தரைக்கு மேல் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பதை மனிதக் கண்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

தொலைபேசியில் இருவர்தாம் பேசலாம். ஹாம் அலைவரிசையில் ஒருவர் சொல்வதை எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு நிலையம் முறை வைத்துப் பேசவிடுகிறது. வானிலை அலுவலகத்தில் இன்னொருவர் குறித்துக்கொள்கிறார். மின்சாரம் போனாலும் கார் மின்கலம் போதும். இடம், நேரம், நகரும் திசை, கண்ணால் கண்டது, இவை மட்டுமே செய்தி. தாழ்ந்து தொங்கும் கந்தல் மேகத்தைச் சுழற்காற்று என்று சொல்லிவிட்டால் ஊர் முழுவதும் வீணே சங்கு ஊதும். அடுத்த முறை மக்கள் அசையமாட்டார்கள். ஆகவே மேகம் சுழல்கிறதா என்று பார்ப்பதே முதற்பாடம். 'சுழற்சி இல்லை' என்பதும் பயனுள்ள செய்திதான்.

படத்தில் வக்கீட்டா என்ற ஊர் இரவில் நொறுங்குகிறது. ஊரோரத்தில் ஒதுங்கி நின்று, மின்னல் வெளிச்சத்தில் கண்டதை நிதானமாகச் சொல்லும் ஒரு குரலை அங்கே அரை நிமிடம் சேர்த்திருக்கலாம். பறக்கும் பசுவுக்கு இடமிருந்ததே!